லட்சத்தில் 14 பேரா, 328 பேரா? இந்தியாவில் பார்க்கின்சன் நோயாளிகளின் எண்ணிக்கை பற்றி ஓர் ஐயம்

திண்ணைக்கணக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். எங்கள் ஊர் மூத்த குடிமக்கள் மன்றத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 11ஆம் நாளையொட்டி, உடல் இயக்கத்தைப் பாதிக்கும் மூளை நோயான பார்க்கின்சன் நோயைப் பற்றி நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றை அச்சிட்டு வழங்குவது வழக்கம். அது ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755இல் பிறந்த நாள். அவர் 1817இல் எழுதிய சிறு நூலில் ஆறே ஆறு நோயாளிகளைக் கொண்டுதான் இந்நோயை விவரித்தார் என்பதையும், அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி என்பதையும் சென்ற ஆண்டு அறிக்கையிலேயே எழுதிவிட்டோம். இவ்வாண்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நானோ முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

"இந்தியாவில் ஒரு லட்சம் பேரில் இத்தனை பேருக்கு இந்நோய் உள்ளது" என்று எழுத விரும்பினேன். அந்த 'இத்தனை' எத்தனை என்று தேடியபோது நான்கு வெவ்வேறு எண்கள் கிடைத்தன. காஷ்மீரத்தில் அனந்தநாக் மாவட்டத்துக் குதார் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்டு 1994இல் வெளியான கணக்கு லட்சத்துக்கு 14 என்கிறது. பெங்களூரு நகரத்திலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் எடுக்கப்பட்டு 2004இல் வெளியானது 33 என்கிறது. கொல்கத்தாவில் எடுத்தது ஏறத்தாழ 46. பம்பாய்ப் பார்சி மக்களிடம் எடுக்கப்பட்டு 1988இல் வெளியானதோ 328 என்கிறது. நான்கும் ஒரே நாட்டில் எடுக்கப்பட்டவை. நான்கும் வீடு வீடாகச் சென்று எடுக்கப்பட்டவை.

குறைந்த எண்ணுக்கும் மிகுந்த எண்ணுக்கும் இடையே இருபத்து மூன்று மடங்கு வேறுபாடு இருக்கிறது. மாணவன் ஒருவன் ஒரே கணக்குக்கு இப்படி நான்கு விடை எழுதியிருந்தால் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். நான்கையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம் என்று மன்றச் செயலாளர் சொல்கிறார். அது தவறு என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. எந்த எண்ணை எழுதுவது என்பது தெரியவில்லை. துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, வணக்கம். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான்கு எண்களும் அவற்றின் அளவில் சரியான விடைகள்தாம். கேள்விகள்தாம் வேறு வேறு.

கணித ஆசிரியரிடம் பேசுவதால் நேரே வகுத்தலுக்கு வருகிறேன். குதார் பள்ளத்தாக்கில் கணக்கெடுக்கப்பட்டவர்கள் 63,645 பேர். அவர்களில் லட்சத்துக்கு 14.1 என்றால், கண்டறியப்பட்ட நோயாளிகள் ஒன்பதே பேர். அதே ஆய்வு இன்னோர் எண்ணையும் தருகிறது: அறுபது வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் லட்சத்துக்கு 247. இப்போது 14.1ஐ 247ஆல் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு 5.7 வரும். நோயாளிகள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்று கொண்டால், அந்தப் பள்ளத்தாக்கில் முதியவர்களின் பங்கு அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாம் குழந்தைகள், இளைஞர்கள், நடுவயதினர். அவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வரும். ஆனால் வகுக்கும் எண்ணில் அவர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 8.6, தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. காஷ்மீரத்தில் கண்ட அதே 247ஐ இம்மூன்றுக்கும் பொருத்தினால் முறையே 21, 26, 31 என்று வரும். நோயின் தன்மை ஒரு துளியும் மாறவில்லை. முதியவர்களின் பங்கு மாறியதாலேயே எண் ஒன்றரை மடங்காகிவிட்டது. இதனால்தான் நாங்கள் வயது பிரிக்காத மொத்த வீதத்தைக் 'கச்சா வீதம்' என்று சொல்லி ஒரு படி தள்ளியே வைக்கிறோம்.

பம்பாய்ப் பார்சிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. நூற்றாண்டாகப் பிறப்பு விகிதம் சரிந்துகொண்டே வந்த சமூகம் அது; முதியவர்கள் மிகுதி. 14,010 பேரில் 46 பேருக்கு நோய் இருந்தது, ஆகவே 328. அந்த ஆய்வை நடத்திய பரூச்சா குழுவினர் இந்த எண்ணை அப்படியே விட்டுவிடவில்லை. அமெரிக்காவின் 1960ஆம் ஆண்டு மக்கள்தொகையின் வயது அமைப்பு இவர்களுக்கு இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று மாற்றிக் கணக்கிட்டபோது அது 192ஆகக் குறைந்தது. பெங்களூருவில் இதே போன்ற திருத்தத்தைச் செய்தபோது 33 என்பது 76ஆக உயர்ந்தது. கொல்கத்தாவில் 46 என்பது ஏறத்தாழ 53ஆக உயர்ந்தது. இளைஞர் மிகுந்த இடத்தில் திருத்தம் எண்ணை உயர்த்தும், முதியோர் மிகுந்த இடத்தில் தாழ்த்தும். இருபத்து மூன்று மடங்காகத் தெரிந்த வேறுபாட்டில் பெரும்பகுதி இப்படிக் கரைந்துவிடுகிறது. ஆனால் இந்தத் திருத்திய எண்களையும் ஒன்றோடொன்று அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு குழுவும் எந்த மக்கள்தொகையை அளவுகோலாக வைத்துக்கொண்டது என்பதைப் பார்க்க வேண்டும். துறை சார்ந்த கட்டுரைகளிலேயே இந்தத் தவறைப் பார்க்கிறேன்.

வயது ஒன்றே முழு விடை என்று எண்ணிவிட வேண்டாம். பார்சி மக்கள் அத்தனை பேருமே அறுபதைக் கடந்தவர்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், குதார் வீதத்தின்படி 247தான் வர வேண்டும், 328 வராது. அறுபதுக்கு மேலும் ஒவ்வொரு பத்தாண்டிலும் வீதம் ஏறிக்கொண்டே போகும் என்பது ஒரு காரணம். எண்பதைத் தாண்டியவர்கள் மிகுந்த ஊரில் அறுபத்தைந்து வயதினர் மிகுந்த ஊரைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். மற்றொரு காரணம், இருக்கும் நோயாளிகளில் எத்தனை பேரைக் கண்டுபிடித்தார்கள் என்பது. பார்சிகள் தனிக் குடியிருப்புகளில் ஒன்றாக வாழ்பவர்கள், பெரும்பாலும் படித்தவர்கள், பம்பாயின் பெரிய மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருந்தன. மலைப் பள்ளத்தாக்கில் அந்த வசதிகள் கிடையாது.

ஒன்பது பேர் என்பது மிகச் சிறிய எண் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மூன்று பேரைக் கூடுதலாகக் கண்டுபிடித்திருந்தால் 14 என்பது 19 ஆகியிருக்கும். தற்செயலுக்கு இடம் கொடுத்துக் கணக்கிட்டால், ஒன்பது நோயாளிகளைக் கொண்டு நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது "லட்சத்துக்கு ஏறத்தாழ 6க்கும் 27க்கும் இடையில்" என்பது மட்டுமே. இந்த இடைவெளியை அச்சிட எந்தப் பத்திரிகையும் விரும்புவதில்லை.

கதவுதட்டி எழுதியது:

மேலே எழுதியவர் இறுதியில் தொட்டுச் சென்ற இடத்தில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவக் கல்லூரி ஒன்று நடத்திய வீடு வீடான கணக்கெடுப்பில் வினாத்தாளோடு அலைந்தவர்களில் நானும் ஒருவன். அது பார்க்கின்சனுக்கென்றே நடந்ததன்று. வலிப்பு, பக்கவாதம், தலைவலி உட்பட நரம்பு நோய்கள் அனைத்தையும் ஒருசேரக் கேட்டோம். இத்தகைய கணக்கெடுப்பு இரண்டு படிகளில் நடக்கும். முதலில் எங்களைப் போன்ற பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் கேள்வி கேட்டு, ஐயத்துக்கு இடமானவர்களைக் குறித்துக்கொண்டு வருவோம். பிறகு அவர்களை மட்டும் நரம்பியல் மருத்துவர் வந்து பார்ப்பார். முதல் படியில் நாங்கள் தவறவிட்டவரை இரண்டாம் படியில் எவரும் தேடிப் போவதில்லை.

தவறவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். காலை பத்து மணி. வாசலில் மருமகள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "வீட்டில் யாருக்காவது கை கால் நடுக்கம் உண்டா?" என்ற கேள்வியைப் படித்தேன். இல்லை என்றார். நடக்கச் சிரமப்படுபவர் உண்டா என்றேன். "மாமாவுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். படிவத்தில் இரண்டு 'இல்லை' விழுந்தன. தண்ணீர் கேட்டேன். உள்ளேயிருந்து முதியவர் ஒருவர் செம்போடு வந்தார். அடிகள் சிறிது சிறிதாக, தரையைத் தேய்த்துக்கொண்டு விழுந்தன. இடது கை வீசவில்லை. உடலோடு ஒட்டிக் கிடந்தது. வாசற்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டார். முகத்தில் எந்த அசைவும் இல்லை. கையில் நடுக்கம் என்பது துளியும் இல்லை. செம்பிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. மருமகள் பொய் சொல்லவில்லை. நாங்கள் நடுக்கத்தைக் கேட்டோம், அவருக்கு நடுக்கம் இல்லாத வகை வந்திருந்தது. எனக்குத் தாகம் எடுத்திராவிட்டால் அவர் எண்ணிக்கையில் வந்திருக்க மாட்டார். இரண்டாம் படியில் மருத்துவர் அவருக்குப் பார்க்கின்சன் என்றே உறுதி செய்தார்.

அதன் பிறகு நான் படிவத்தில் இல்லாத கேள்விகளையும் கேட்கத் தொடங்கினேன். சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள்? கையெழுத்து முன்பைவிடச் சிறுத்துவிட்டதா? படுக்கையில் புரண்டு படுக்க எவராவது உதவ வேண்டியிருக்கிறதா? மேற்பார்வையாளரிடம் இதற்காகத் திட்டும் வாங்கினேன். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் கணக்கு ஒப்பிடத் தகுந்ததாக இருக்கும் என்றார். அவர் சொன்னதும் நியாயமே.

மறைப்பவர்களும் உண்டு. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில், தகப்பனாரின் கை உதறலைப் பற்றி வாசலில் நின்று கேட்டால் எவர் ஆமாம் என்பார்? துண்டால் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

காவிரிமகள் எழுதியது:

கதவுதட்டி அவர்கள் சொன்ன முதியவர் என் அப்பாவைப் போன்றவர். அப்பாவுக்கு முதலில் வந்தது வலது தோள்பட்டை வலி. ஒரு மருத்துவமனையில் தோள் இறுகிவிட்டது என்று சொல்லி எட்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார்கள். அவருடைய வலது செருப்பு மட்டும் தேய்ந்துகொண்டே வந்ததை அம்மாதான் கவனித்தார். நரம்பியல் மருத்துவரைப் பார்த்து நோயின் பெயரைத் தெரிந்துகொள்ள இரண்டரை ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டரை ஆண்டுகளில் எவராவது எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்திருந்தால், இந்நோய் இங்கே எவருக்கும் இல்லை என்றுதான் நாங்கள் மனதாரச் சொல்லியிருப்போம்.

இன்னொன்றையும் ஐயா துண்டறிக்கையில் சேர்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. குறைபாடு நூற்றுக்கு 40 அல்லது அதற்கு மேல் என்று சான்று பெற்றால் அச்சட்டத்தின்கீழ் வரும் சலுகைகளைக் கோரலாம். 2011 கணக்கெடுப்பு இந்தச் சட்டத்துக்கு முந்தையது. அதில் உடல் இயக்கக் குறைபாடு என்ற பொதுத் தலைப்பு இருந்ததே தவிர இந்நோய்க்குத் தனி இடம் இல்லை. எண்ணிக்கை சரியாகத் தெரிந்திருந்தால், அப்பாவின் மாத்திரை எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் பாதி நாட்கள் இல்லாமல் போகுமா என்று நினைத்துக்கொள்வேன்.

திண்ணைக்கணக்கு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செம்பு கொண்டுவந்த முதியவரைப் பற்றிப் படித்துவிட்டுச் சற்று நேரம் வேறெதையும் படிக்க முடியவில்லை.

இரண்டு ஐயங்கள் இன்னும் உள்ளன. நாட்டில் மொத்தம் இத்தனை லட்சம் பேர் என்று சில இடங்களில் அச்சிடுகிறார்களே, அந்த எண் எங்கிருந்து வருகிறது? அடுத்து, நடுங்கும் எல்லாரையும் எங்கள் ஊரில் 'நடுக்குவாதம்' என்ற ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள். பார்க்கின்சன் அல்லாத மற்ற இயக்கக் கோளாறுகளை இந்தக் கணக்குகளில் எப்படிப் பிரித்தார்கள்?

வைகைக்கரை எழுதியது:

முதல் ஐயத்துக்குச் சுருக்கமாக. உலக நோய்ச்சுமை ஆய்வு 2016ஆம் ஆண்டுக்கு இந்தியாவில் ஏறத்தாழ 5.8 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அது தலை எண்ணிச் சொன்னதன்று. கிடைத்த கள ஆய்வுகளையும் வயது அமைப்பையும் வைத்துக் கணித மாதிரியால் நிரப்பிய எண். அன்றைய மக்கள்தொகையால் வகுத்தால் லட்சத்துக்கு 44 அளவில் வருகிறது. கொல்கத்தாவின் கச்சா வீதத்துக்கு அருகில். அதே ஆய்வு உலக அளவில் 1990இல் 25 லட்சமாக இருந்த நோயாளிகள் 2016இல் 61 லட்சமானார்கள் என்கிறது. இரண்டரை மடங்கு என்று அலறும் தலைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். வயது வேறுபாட்டை நீக்கிப் பார்த்தால் உயர்வு நூற்றுக்கு 22 அளவுதான்; எஞ்சியது மக்கள் பெருகியதாலும் நெடுநாள் வாழ்வதாலும் வந்தது.

இரண்டாவது ஐயம் பெரிது. பார்க்கின்சனை உறுதிசெய்ய எளிய இரத்தப் பரிசோதனை கிடையாது. இயக்கம் மெதுவாவது, தசை விறைப்பு, ஓய்வில் இருக்கும் கையில் நடுக்கம் ஆகியவற்றை மருத்துவர் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும்தான் முடிவு செய்கிறார். நடுக்கம் என்று வருபவர்களில் பலருக்கு இருப்பது எசென்ஷியல் ட்ரெமர் என்ற வேறொரு கோளாறு. ஓய்வில் இருக்கும் கை அமைதியாகவே இருக்கும். காப்பித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது நடுங்கும். பம்பாய்ப் பார்சிகளிடம் இது பார்க்கின்சனைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. ஆகவே களத்தில் இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கு முற்றிலும் பாழ்.

மருந்தால் வரும் பார்க்கின்சன் தோற்றமும் உண்டு. தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளுனாரிசின், வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோப்ரமைடு, மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் ஆகியவை, உடல் இயக்கத்துக்குத் தேவையான டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பதால், நெடுநாள் உட்கொள்ளும் முதியவருக்கு அதே மெதுவான நடையும் விறைப்பும் வரக்கூடும். மருத்துவர் சொல்லி மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். தலைசுற்றல் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்கும் நம்மூர்ப் பழக்கத்தை நினைத்தால், ஒவ்வொரு நோயாளியின் மருந்துச் சீட்டையும் பார்க்காத கணக்கெடுப்பை நான் நம்ப மாட்டேன்.

பரம்பரையாக வரும் அரிய நோய்களில் 'நாட்டின் சராசரி' என்ற சொல்லுக்கே பொருள் குறைவு. கை கால்கள் தம் கட்டுப்பாடின்றி அசையும் ஹன்டிங்டன் நோய் ஐரோப்பிய வம்சாவளியினரிடையே லட்சத்துக்கு ஏறத்தாழ 10 பேருக்கு உள்ளது. ஆசியாவில் அதைவிட மிகவும் குறைவு. ஆனால் வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைச் சிற்றூர்களில் குடும்பம் குடும்பமாக உள்ளது. 1993இல் அதன் மரபணுவைக் கண்டுபிடிக்க அந்தக் குடும்பங்கள் கொடுத்த இரத்தமே பெரிதும் உதவியது. இந்தியாவிலும் நடை தள்ளாடும் சிறுமூளைச் சிதைவு நோய்களில் எஸ்.சி.ஏ. 12 என்ற வகை, உலகில் வேறெங்கும் அரிதாக இருக்க, வடஇந்திய அகர்வால் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. எஸ்.சி.ஏ. 1 என்ற வகை தமிழ்நாட்டில் ஒரு குறிப்பிட்ட சமூகத்தாரிடையே மிகுந்திருப்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்படிப்பட்ட நோயை மாநில மக்கள்தொகையால் வகுத்தால், அந்த ஊரின் துயரம் தசமப் புள்ளிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

திண்ணைக்கணக்கு எழுதியது:

முதல் வரியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "இந்தியாவில் பார்க்கின்சன் நோயின் பரவல் லட்சத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 50 வரை என்று மதிப்பிடுகிறார்கள், அறுபது வயதைத் தாண்டியவர்களிடையே இது பல மடங்கு கூடுதல், நடுக்கம் இல்லாமலும் இந்நோய் வரும், கண்டறியப்படாதவர்கள் இந்த எண்ணில் இல்லை."

கதவுதட்டி எழுதியது:

நன்றாக இருக்கிறது ஐயா. ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். பாடநூலில் 'பரவல்' என்று எழுதுவது சரிதான். ஆனால் ஊரில் படிப்பவர்களுக்கு அது அம்மை பரவுவதைப் போலத்தான் காதில் விழும். நாங்கள் போன ஒரு தெருவில் நடுக்கம் உள்ள பாட்டிக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்திருந்தார்கள்; பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. "லட்சத்தில் 40 முதல் 50 பேருக்கு இந்நோய் இருக்கிறது" என்றே எழுதிவிடுங்கள்.

திண்ணைக்கணக்கு எழுதியது:

எடுத்துவிட்டேன். ஒட்டுவாரொட்டி நோய் அன்று என்ற வரியையும் அதன் கீழேயே தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். நாளை அச்சகத்துக்குப் போகிறது.